திண்டுக்கல்லிலிருந்து திரும்பி வந்த கிட்டார்

விளம்பரத்தில் மூன்று படங்கள் இருந்தன. முதல் படத்தில் கிட்டார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தது. இரண்டாவது மங்கல். மூன்றாவதில் தலைப்பகுதி மட்டும்: ஐந்து கருப்புக் குமிழ்கள், ஒரு வெள்ளைக் குமிழ். ஜி கம்பிக்கான குமிழ்தான் வெள்ளை. 2006-ல் அது உடைந்தபோது, ஹாஸ்டலில் யாருடைய உடைந்த கிட்டாரிலிருந்தோ கழற்றி நானே மாட்டியது. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊர் திண்டுக்கல், விலை 2,500 ரூபாய், "சிறு ரிப்பேர் உள்ளது" என்று ஒரு வரி.

உடனே போன் செய்தேன். வயதானவர் குரல். "ஐயா, ஒலித்துளைக்குப் பக்கத்துல கருப்பா ஒரு தகடு ஒட்டியிருக்கும் பாருங்க. அதுல எலும்பு மாதிரி ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தெரியுது தம்பி. ரெண்டு கோடு மாதிரி. இத்தனை வருஷமா ஏதோ டிசைன்னு நெனச்சுட்டு இருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அது என் அம்மாவின் கை. 2005-ல் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு விரிசல் விட்டபோது எடுத்த எக்ஸ்ரே. கட்டுப் பிரித்த பிறகு ஃபிலிம் பரணில் கிடந்தது. கம்பியை மீட்டுகிற பிக் உரசி மரம் கீறாமல் இருக்க ஒரு தகடு தேவைப்பட்டது. கடையில் வாங்கக் காசில்லை, ஃபிலிமை வெட்டி ஒட்டினேன். எலும்பு இருக்கிற இடம் ஃபிலிமில் வெளுத்திருக்கும் அல்லவா, அதன் வழியே அடியில் உள்ள மரத்தின் மஞ்சள் தெரியும். முன்கை எலும்புகள் இரண்டும் அப்படித்தான் அந்தத் தகட்டின் ஓரத்தில் நிற்கின்றன.

இந்தக் கிட்டாரை 2004-ல் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். கொல்கத்தாவில் செய்தது. அந்த ஊரில் செய்த கிட்டார்களில்தான் என் வயதுக்காரர்கள் பலர் விரல் தேயக் கற்றுக்கொண்டோம். பிளைவுட் உடம்பு, 650 மி.மீ. கம்பி நீளம், கனமான கழுத்து. 2009-ல் வேலைக்கு எடுத்த நிறுவனம் சேரும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனது. அந்த வருடம் நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆனது. சென்னையில் அறை வாடகைக்காக 1,500 ரூபாய்க்கு ஒரு ஜூனியரிடம் கொடுத்தேன். அப்புறம் எத்தனையோ நல்ல கிட்டார்களை வாசித்துவிட்டேன். ஆனால் கடைகளில் எந்தக் கிட்டாரைப் பார்த்தாலும் கண் முதலில் தலைப்பகுதிக்குப் போகும், வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்று.

மறுநாளே திருச்சியிலிருந்து பஸ் ஏறினேன். ஐயா ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவில் இருந்தவர், இப்போது விரல் மூட்டு வலியால் வாசிப்பதில்லை. 2011-ல் திருச்சியில் யாரிடமோ வாங்கினாராம். பல வருடம் ஞாயிறு தவறாமல் வாசித்திருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு 500 ரூபாயைக் குறைத்துக்கொண்டார். "சரி பண்ணினா ஒரு தடவை வாசிச்சு அனுப்புங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மேசையில் போர்வை விரித்துப் படுக்க வைத்துப் பார்த்தபோது மனது கொஞ்சம் கலங்கித்தான் போனது. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கிற கட்டையான பிரிட்ஜின் பின் ஓரம் பலகையிலிருந்து தூக்கியிருந்தது. விசிட்டிங் கார்டைச் செருகினால் பாதி உள்ளே போகிறது. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்டுகள்; 12-வது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 5.5 மி.மீ. இருக்கிறது. 2.5 இருந்தால் சுகமாக வாசிக்கலாம். 5.5-ல் எஃப் கார்டு பிடித்தால் மணிக்கட்டு கெஞ்சும்.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. கிட்டாரை அவர் கடைசி இரண்டு வருடம் பீரோ மேல் வைத்திருந்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கம்பியைத் தளர்த்தவில்லை. 12-ல் (மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.012 அங்குலம்) ஆரம்பிக்கிற ஸ்டீல் கம்பி செட் முழுச் சுருதியில் 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுவை முழுவதையும் பிடித்து நிற்பது பிரிட்ஜுக்கு அடியில் இருக்கிற மெல்லிய பசைப் படலம்தான். மரப்பசை 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பித்துவிடும். அதற்குக் கீழேயும், நாள் கணக்கில் சூடும் இழுவையும் சேர்ந்தால் மெல்ல நழுவும். கிட்டார் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கவனித்தால் போதும்: ஓட்டுக்கு அடியிலும் பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் வாசிக்கப் போவதில்லை என்றால் கம்பியை இரண்டு சுற்று தளர்த்திவிடுங்கள்.

இன்னொன்றும் இருந்தது. பிரிட்ஜின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு போல்ட் முடுக்கியிருந்தது. சைக்கிள் கடையில் கிடைக்கிற மாதிரி போல்ட். பிரிட்ஜ் முதன்முறை தூக்கியபோது ஐயா செய்த வைத்தியம். மரத்தில் துளை போட்டுவிட்டாரே என்று அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது.

தூக்கி ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. கவிழ்த்து ஆட்டி ஆட்டி எடுத்தேன். பழைய ஏ.டி.எம். கார்டில் வெட்டிய பிக்குகள் மூன்று, ஒரு கம்பி முளை, அப்புறம் காய்ந்து பழுப்பேறிய குருத்தோலைச் சிலுவை ஒன்று, கட்டைவிரல் நீளத்தில். குருத்து ஞாயிறு பவனியில் வாசித்துக்கொண்டே போனபோது விழுந்திருக்க வேண்டும். எத்தனை வருடம் உள்ளேயே கிடந்ததோ. ஓலையின் மடிப்பு இன்னும் பிரியவில்லை.

முதல் முயற்சியில் அவசரப்பட்டேன். அதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் இதைத்தான் செய்கிறார்கள். பிரிட்ஜைக் கழற்றாமலே, தூக்கியிருந்த இடைவெளியில் தச்சர்கள் பயன்படுத்துகிற வெள்ளைப் பசையை சிரிஞ்சால் செலுத்தி, மேலே கனம் வைத்து ஒரு நாள் விட்டேன். கார்டு உள்ளே போகவில்லை. கம்பி மாட்டிச் சுருதி கூட்டினேன். இரண்டாம் நாள் இரவு அலமாரிப் பக்கமிருந்து 'டப்' என்று ஒரு சத்தம். பழையபடி தூக்கி நின்றது, முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. பழைய பசை மேல் புதுப் பசை பிடிக்காது. மரமும் மரமும் நேருக்கு நேர் தொட வேண்டும்.

அப்பா திருவெறும்பூர் பெல் நிறுவனத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு நேரம் தினசரி படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து பார்த்தார். "முழுசா எடுடா. பாதி விட்டதை பாதி ஒட்டினா எப்படி நிக்கும்?" அதற்குப் பிறகு இது இரண்டு பேரின் வேலையாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு கம்பிகள், அவை பிரிட்ஜில் ஏறி நிற்கிற சேடில் என்கிற துண்டு, போல்டுகள் எல்லாவற்றையும் எடுத்தோம். சேடில் பிளாஸ்டிக், சூட்டில் உருகிவிடும். பிரிட்ஜைச் சுற்றி அட்டை வெட்டி வைத்து, அதன்மேல் அலுமினியத் தாள் போர்த்தினோம், பாலிஷ் பொங்கிவிடாமல் இருக்க. இஸ்திரிப் பெட்டியை நடுத்தரச் சூட்டில் பிரிட்ஜின்மேல் மட்டும் வைத்தோம். நாலைந்து நிமிடம் வைத்து எடுத்து, பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற மெல்லிய பிளேடை அதே பெட்டியில் சூடுபடுத்தி, தூக்கியிருந்த பின் ஓரத்திலிருந்து உள்ளே நுழைத்தோம். நெம்பக் கூடாது. வெண்ணெய்க்குள் போகிற மாதிரி அதுவாக நகர்கிற வரைக்கும்தான் தள்ள வேண்டும். தடுத்தால் நிறுத்தி மறுபடி சூடு. நெம்பினால் மேல் பலகையின் முதல் அடுக்கு பிரிட்ஜோடு உரிந்து வந்துவிடும். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசி மூலை விட்டபோது ஒரு சின்ன நெடுமூச்சு மாதிரி சத்தம் வந்தது. அப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

பிரிட்ஜைத் திருப்பினால் விஷயம் வெளியே வந்தது. அது உட்கார்ந்திருந்த தடத்தின் விளிம்பைச் சுற்றி 3 மி.மீ. அகலத்துக்குப் பாலிஷ் அப்படியே இருந்தது. அந்த வளையத்தில் பசை மரத்தைத் தொட்டதே இல்லை. இழுவை அதிகம் தாங்க வேண்டியது பின் விளிம்புதான், அங்கேதான் பிடிமானம் இல்லை. பென்சிலால் பிரிட்ஜின் உருவத்தை வரைந்து, கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளேயே நின்று, புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி எடுத்தேன். வெட்டக் கூடாது, சுரண்ட வேண்டும். இது பிளைவுட், முதல் அடுக்கு ஒரு தடித்த காகிதம் அளவுதான். வெளிர் மரம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன்.

பலகை பல வருட இழுவையில் கொஞ்சம் புடைத்திருந்தது. பிரிட்ஜின் அடிப்பாகமோ தட்டை. அப்படியே அழுத்தி ஒட்டினால் மறுபடி பிரியத்தான் பார்க்கும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. உப்புத்தாளைச் சொரசொரப்பு மேலே இருக்கும்படி பலகையின் மேலேயே விரித்து ஒட்டி, அதன்மேல் பிரிட்ஜை வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். பலகையின் புடைப்பு அப்படியே பிரிட்ஜின் அடியில் பதிந்துவிடும். 80-ல் தொடங்கி 120-ல் முடித்தேன். வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்த்தால் இடுக்கு எதுவும் தெரியவில்லை.

அடுத்து அழுத்திப் பிடிப்பது. இதற்கென்று கழுத்து நீண்ட கிளாம்ப் இருக்கிறது, ஒலித்துளை வழியே விட்டு முறுக்குவது. எங்களிடம் இருந்த சி கிளாம்ப் எதுவும் பிரிட்ஜ் வரை எட்டவில்லை. யோசித்துக்கொண்டே அந்த இரண்டு போல்ட் துளைகளைப் பார்த்தேன். ஐயா போட்ட துளைகள். பிரிட்ஜ், பலகை, உள்ளே இருக்கிற அண்டைக்கட்டை எல்லாவற்றையும் ஊடுருவி நேராகப் போகின்றன. காந்தி மார்க்கெட் பக்கம் போய் அதே தடிமனில் நீளமான போல்ட் இரண்டும் கையால் முறுக்குகிற காது வைத்த நட்டுகளும் வாங்கி வந்தேன். மேலே ஒரு தேக்குத் துண்டு, உள்ளே இன்னொன்று. மேல் துண்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே பின் ஓரத்தில் மட்டும் அட்டையை இரண்டாக மடித்து வைத்தேன், அழுத்தம் அங்கே கூடுதலாக விழ.

இதில் இன்னொரு நன்மை, ஒட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். ஈரப் பசை மேல் எதையாவது அழுத்தினால் அது சோப்பு மாதிரி வழுக்கும். பிரிட்ஜ் 2 மி.மீ. நகர்ந்தாலும் சுருதி கெட்டுவிடும், ஏனென்றால் 12-வது ஃப்ரெட் கம்பியின் பாதியில் இருக்க வேண்டும். நட்டிலிருந்து (போல்ட் நட்டு அல்ல, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்குகிற துண்டு) 12-வது ஃப்ரெட் 325 மி.மீ. என்றால் அங்கிருந்து சேடில் அதே 325, கூடவே கம்பியை அழுத்தும்போது ஏறுகிற சுருதிக்கு ஈடாக மெல்லிய கம்பிக்கு 2, தடித்த கம்பிக்கு 4 மி.மீ. சொச்சம். அந்த போல்டுகள் இருந்ததால் பிரிட்ஜ் முடி அளவு கூட நகரவில்லை. துளை போட்டுவிட்டாரே என்று நான் வருத்தப்பட்ட அதே இடம்தான் பிரிட்ஜைப் பிடித்துக் கொடுத்தது. இந்த முறை மஞ்சள் மரப்பசை பயன்படுத்தினேன், வெள்ளையைவிட அது சூட்டில் குறைவாக நழுவும். ஓரத்தில் முத்து முத்தாகப் பசை பிதுங்கியதை ஈரத் துணியால் துடைத்துவிட்டு 24 மணி நேரம் தொடவில்லை. அப்புறம் இன்னும் மூன்று நாள் கம்பி மாட்டாமல் விட்டேன்.

அந்த மூன்று நாளில் ஃப்ரெட் வேலை. இங்கேதான் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன், வேலை குறைவாக இருந்தும். ஃப்ரெட்டுகளுக்கு நடுவே உள்ள மரத்தை டேப் ஒட்டி மறைத்து, ஃப்ரெட்டுகளை 1000, 2000 உப்புத்தாளால் பளபளப்பாக்குவதுதான் திட்டம். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் ஒவ்வொரு பள்ளமும் நிழல் விட்டுக் காட்டியது. பி கம்பிக்கு அடியில் 1-வது ஃப்ரெட்டில் ஒரு பள்ளம், அது சி கார்டும் ஏ மைனரும். ஜி கம்பிக்கு அடியில் 2-வதில், பி கம்பிக்கு அடியில் 3-வதில், இவை டி கார்டு. சரி, யாருடைய கிட்டாரிலும் இருப்பதுதான். ஆனால் இதே மூன்று பள்ளமும் இரண்டு ஃப்ரெட் தள்ளி 3, 4, 5-ல் மறுபடி இருந்தன, முதலாவதைவிட ஆழமாக. கழுத்தின் பின்பக்கம் 2-வது ஃப்ரெட்டுக்கு நேரே ரப்பர் அழுத்திய மங்கல் தடம். எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றுகிற கேபோவை 2-வதில் மாட்டி அதே கார்டுகளை ஆயிரக்கணக்கான முறை பிடித்திருக்கிறார். பாடுகிறவர்களின் குரலுக்கு அதுதான் ஒத்துவந்திருக்கும்.

நான் அந்தக் கிட்டாரை வைத்திருந்தது ஐந்து வருடம். என் காலத்துத் தடம் எங்கே என்று தேடினேன். சோலோ வாசிக்க ஆசைப்பட்டு 7-வது, 9-வது ஃப்ரெட்டில் உழன்றவன் நான். அங்கே ஃப்ரெட் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. இது என் கிட்டார் என்று 15 வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை உண்மையில் வாசித்த கை எது என்று ஃப்ரெட்டுகள் சொல்லிவிட்டன. அதைப் பார்த்து வருத்தம் வரவில்லை, நல்ல வீட்டுக்குத்தான் போயிருக்கிறது என்று ஒரு நிம்மதி. பள்ளங்களை அரத்தால் சமப்படுத்தியிருக்கலாம், ஆனால் கம்பி இரையாத பள்ளத்தைச் சமப்படுத்த எல்லா ஃப்ரெட்டையும் தேய்க்க வேண்டிவரும். கம்பி மாட்டி இரைச்சல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று பளபளப்பாக்கியதோடு விட்டேன். வரவில்லை.

கம்பி 11 செட் மாட்டினேன். 60 கிலோ சொச்சம்தான் இழுக்கும், வயதான பலகைக்கு அது போதும். இனி அளவு வேலை. 1-வது ஃப்ரெட்டில் கேபோ, 14-வதில் விரல் வைத்து அழுத்தினால் கம்பியே ஒரு நேர்கோல் ஆகிவிடும். நடுவே 7-வது ஃப்ரெட்டில் எவ்வளவு இடைவெளி என்று அப்பாவின் ஃபீலர் கேஜால் பார்த்தோம். 0.6 மி.மீ. கழுத்து முன்பக்கமாக வளைந்திருக்கிறது. தலையில் சின்ன மூடியைக் கழற்றினால், கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ராட் என்கிற கம்பியின் முனை. 5 மி.மீ. ஆலன் கீ பொருந்தியது. வலப்பக்கம் கால் சுற்று, சுருதி சேர்த்து, சற்றுப் பொறுத்து, மறுபடி அளவு. ஒரே நாளில் அரைச் சுற்றுக்கு மேல் போகவில்லை. மூன்று நாளில் 0.25-க்கு வந்தது. இவ்வளவு போதும், முழுக்க நேராக்கினால் தடித்த கம்பி ஃப்ரெட்டில் இடித்து இரையும்.

பிரிட்ஜ் உட்கார்ந்ததில் 12-வது ஃப்ரெட்டில் 5.5 ஆக இருந்த இடைவெளி 3.8 ஆகியிருந்தது, கழுத்தைச் சரிசெய்ததில் 3.6. இன்னும் 1 மி.மீ. குறைய வேண்டும். 12-வது ஃப்ரெட் நட்டுக்கும் சேடிலுக்கும் நடுவில் இருப்பதால் அங்கே 1 குறைய சேடிலில் 2 குறைக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்கை விட்டுவிட்டு எலும்பில் செய்த சேடில் துண்டு வாங்கி, கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாள் விரித்து அடிப்பக்கத்தைத் தேய்த்தோம். அப்பா ஒவ்வொரு இருபது தேய்ப்புக்கும் வெர்னியரில் அளந்தார். எலும்பு தேய்கிற நாற்றம் வீடெங்கும், அம்மா எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். 2.6-ல் நிறுத்தினோம்.

வெள்ளைக் குமிழை மாற்றவில்லை. போல்டுகளையும் பழையபடியே முடுக்கினேன், லேசாக. எக்ஸ்ரே தகடு ஒரு மூலையில் தூக்கியிருந்தது. அதை மறுபடி ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "டேய், இது என் கைடா. இதைத்தான் அன்னைக்கு வீடு பூரா தேடினேன்." தன் இடது மணிக்கட்டைத் தகட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள். குருத்தோலைச் சிலுவையை உள்ளே போட்டால் இரையும் என்பதால், கிட்டார் பையின் உள்பையில் வைத்திருக்கிறேன்.

இரவு சுருதி கூட்டி, எனக்குப் பழகிய ஒன்றை ஜியில் வாசித்துப் பதிவு செய்து ஐயாவுக்கு அனுப்பினேன். 12-வது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தாமல் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கும் அழுத்திய சுரமும் ஆறு கம்பியிலும் ஒத்திருந்தன. மேல் பலகையில் காது வைத்தால் பழைய தடித்த குரல் அப்படியே. பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது. பின்னால் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"கேட்டேன் தம்பி. நல்லா இருக்கு. ஆனா கேபோவை ரெண்டாவதுல போட்டு இதையே வாசிச்சுப் பாருங்க. அது அங்கதான் பேசும்."

டிராயரிலிருந்து கேபோவைத் தேடி எடுத்து, பின்பக்கம் ரப்பர் தடம் இருந்த இடத்தில் மாட்டினேன்.